டிட்மரின் சூப்புக் கொடி

ரயில் பெட்டியின் முனையில் நீலக்கொடி தொங்கினால், அடியில் ரிப்பேர் பார்க்கும் ஆள் படுத்திருக்கிறான் என்று அர்த்தம். கட்டியவன்தான் அதை அவிழ்க்க வேண்டும். ஜனாதிபதியே தனிப்பெட்டியில் வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். யார்டில் வேலைக்குச் சேரும் எவனுக்கும் முதல் நாள் காலையில் சொல்லும் முதல் பாடம் இது. எனக்கும் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் அதன்படி நடந்தும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஷண்டிங் மாஸ்டர் லியோ கேரட்டி, ஒரு நாள் பகல் பதினொன்றே முக்காலுக்கு, பளிச்சென்ற வெளிச்சத்தில், நீலக்கொடியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒரு பெட்டியை அதன்மேல் உருட்டிவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் ஹோரஸ் டிட்மரின் கதையைத்தான் சொல்ல வேண்டும். செத்துப்போன மனிதர்மேல் பழி போடுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பழி என்னுடையது. கேட்டுவிட்டு, பாதிக்கும் மேல் என்று நீங்களே சொல்வீர்கள்.

மார்லோ யார்டில் டிட்மரைத் தெரியாதவர்கள் கிடையாது. சரக்கு ரயில் கார்டு. நாற்பத்தோரு வருட சர்வீஸ். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் ரயிலின் வாலில் மாட்டும் சிவப்புப் பெட்டி ஒன்று சொந்தம்போல ஒதுக்கியிருப்பார்கள். வேறு எவனும் அதில் ஏற முடியாது. அவருடையது 417. மனைவி எல்ஸா இறந்த பிறகு டிட்மர் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அந்தப் பெட்டிக்கே குடிவந்துவிட்டார். ஜன்னலுக்குக் கட்டம்போட்ட திரை, ரயிலை எட்டிப் பார்க்கக் கூரைமேல் இருக்கும் கூண்டில் எல்ஸா தைத்த மெத்தை, பீங்கான் கோப்பைகள் விழாமலிருக்க அலமாரிக்குக் குறுக்கே கம்பி. வாசலில் பூட்ஸைக் கழற்றாமல் ஏறினால் ஆள் பேசவே மாட்டார்.

அவர் சூப்பு வைப்பார். பருப்பும் புகைபோட்ட பன்றி இறைச்சியும் வெங்காயமும். இறக்கும் நேரத்தில் ஒரு கரண்டி வினிகர். இரண்டு மணி நேரம் கரி அடுப்பில் கொதிக்கும். ரயில் கிளம்பும் முன் யார்டில் நிற்கும்போதுதான் வைக்க முடியும், ஓடும் வண்டியில் ஆகாது. அந்த வாசனை கார்டு பெட்டிகள் நிற்கும் லைன் முழுக்க வரும். எங்களுக்கு வயிறு எரியும்.

எங்கள் வேலை என்ன? பெட்டிகளைப் பிரிப்பது, சேர்ப்பது. ஒவ்வொரு பெட்டியையும் இன்ஜின் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனால் பொழுது விடிந்துவிடும். ஒரு தள்ளு தள்ளி, கொக்கியைக் கழற்றிவிட்டால் பெட்டி தானாக உருண்டு போய் மற்றதோடு முட்டிச் சேரும். எத்திவிடுவது என்போம். கை தேர்ந்தவன் எத்தினால் முட்டையை வைத்தாலும் உடையாது. கை தேர்ந்தவனுக்கு வம்பு செய்யத் தோன்றினால் உள்ளே இருப்பவன் கட்டிலிலிருந்து உருள்வான். நாற்பத்தெட்டாம் வருடக் குளிர்காலத்தில் எங்களுக்கு வம்பு செய்யத் தோன்றியது. பெரிசு சூப்பு வைக்கிறார், ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்போமே என்று. பானை அவர் தொடையில் கவிழ்ந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பின் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். மேலே புகார் எழுதவில்லை. "கை தவறிடுச்சுப்பா" என்று நான் சொன்னதை நம்பியதுபோல் தலையாட்டினார்.

திரும்பி வந்த மறுவாரம் 417-ன் முனையில் நீலக்கொடி தொங்கியது.

நாங்கள் மரியாதையாக இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் குளிரில் நின்றோம். அடியில் சத்தமே இல்லை. கடைசியில் என் பாயிண்ட்ஸ்மேன் டெல்பர்ட் குனிந்து பார்த்தான். ஒருவரும் இல்லை. ஜன்னலில் டிட்மர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

"யோவ் பெரிசு, ஃபிட்டர் எங்க?" என்றேன்.

"ஃபிட்டரா? இங்க ஏது ஃபிட்டர்?"

"அப்ப கொடி?"

"அது என் சூப்புக்கு." வாயைத் துடைத்துக்கொண்டார். "மனுசன் உள்ள இருக்கான்னு நிறுத்தமாட்டேங்கிறீங்க. துணிய பாத்தா நிறுத்துறீங்க. அதான் துணியையே கட்டிட்டேன்."

ஒர்க்‌ஷாப் குப்பையில் கிடந்த பழைய கொடியை எடுத்து வந்திருந்தார். அந்த நிமிடமே நான் அதைப் பிடுங்கி மேலே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய தொடை எனக்கு ஞாபகம் வந்தது. அவரும் இரண்டு தட்டு நீட்டினார். டெல்பர்ட் ஏற்கெனவே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 417-ல் நீலக்கொடி, புகைபோக்கியில் புகை, வெங்காய வாசனை மூன்றும் இருந்தால் சூப்புக் கொடி. எத்தமாட்டோம். இன்ஜினோடு போய் பூப்போல முட்டிச் சேர்ப்போம், ஆளுக்கொரு தட்டு சாப்பிடுவோம். புலி வருது புலி வருது கதை எங்களுக்குத் தெரியாததா? தெரியும். வயிறு நிறைந்தவனுக்கு எந்தக் கதை ஞாபகம் வருகிறது?

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஐம்பதாம் வருடம் அக்டோபரில் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. கொடி இல்லாத ஒரு நாள் நான் கொஞ்சம் வேகமாக எத்திவிட்டேன். சத்தியமாக வேண்டுமென்று செய்ததில்லை. எல்ஸாவின் கோப்பைகளில் மூன்று உடைந்தன. தொடை வெந்தபோது எழுதாத மனிதர், கோப்பைக்காக எழுதிவிட்டார். எனக்குப் பத்துக் கறுப்புப் புள்ளி. அறுபது சேர்ந்தால் வேலை போய்விடும். எனக்கு அத்தோடு ஐம்பது.

"நாலு பேர் சாப்பிட்ட தட்டு காயல, அதுக்குள்ள எழுதிக் குடுத்துட்டீங்களே" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"தொடை என்னோடது, கேரட்டி. கோப்பை அவளோடது" என்றார்.

திரும்பி வந்துவிட்டேன். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் அவர் பெட்டிப் பக்கம் சாப்பிடப் போகவில்லை.

அடுத்த புதன்கிழமைதான் அது நடந்தது. ஷண்டிங் இன்ஜினின் முன்னால் 388 என்ற இன்னொரு கார்டு பெட்டி. ஆளில்லாத காலிப் பெட்டி. அதைக் கார்டு பெட்டி லைனில் கொண்டுபோய் 417-க்குப் பின்னால் சேர்க்க வேண்டும். இடதுபக்கம் யார்டு ஆபீஸ். அதைத் தாண்டி நூறு அடியில் பாயிண்ட், அதாவது லைன் பிரியும் இடமும் அதைத் திருப்பும் லெவரும். அங்கிருந்து ஆறு பெட்டி தூரத்தில் 417.

417-ன் முனையில் நீலக்கொடி தொங்கியது. புகைபோக்கியில் புகை. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. வெங்காயம்.

டெல்பர்ட் நின்றான். "கொடி இருக்கே, மாஸ்டர்."

"அது கொடியாடா? சூப்பு."

"சரி, அப்ப மெதுவா போய்ச் சேர்த்துடுவோம். நான் பெட்டியில ஏறி பிரேக்க பிடிச்சுக்கிறேன்."

"ஒண்ணும் ஏற வேணாம். கொக்கிய கழட்டு. எத்திவிடுறேன்."

டெல்பர்ட் என்னைப் பார்த்தான். "பெரிசு உள்ள இருப்பாரே."

"இருக்கட்டும். இன்னிக்குத் தரையிலேருந்து வழிச்சுத் தின்னட்டும்."

இதை நான் சொன்னேன். வாய் தவறிச் சொன்னதில்லை, நிதானமாகச் சொன்னேன். இன்ஜின் டிரைவருக்குக் கையைக் காட்டினேன். தள்ளினார். டெல்பர்ட் கொக்கியைக் கழற்றினான். இன்ஜின் நின்றது, 388 தனியாக உருண்டு போயிற்று. இருபது டன் பெட்டி, நல்ல ஓட்டத்துக்குச் சமமான வேகம்.

அப்போதுதான் யார்டு ஆபீஸ் கதவு திறந்தது. டிட்மர் வெளியே வந்தார். தொப்பி இல்லை, கையில் ரயிலின் சரக்குக் காகிதக் கட்டு. அவர் பெட்டிக்குள் இல்லை, வெளியே இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்களைப் பார்த்தார், உருளும் பெட்டியைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் வீசி ஆட்டினார். யார் எதை அப்படி ஆட்டினாலும் உடனே நிறுத்த வேண்டும் என்பதும் எங்கள் பாடம்தான்.

நான் சிரித்தேன். "சூப்பு போகுதுன்னு துடிக்கிறத பாரு" என்றேன்.

அவர் எங்களை நோக்கி வரவில்லை. காகிதங்களைப் போட்டுவிட்டுப் பாயிண்ட்டை நோக்கி ஓடினார். அறுபத்துநாலு வயது, வெந்த தொடை, ஜல்லிக் கல். ஒரு பானை சூப்புக்கு எந்த மனிதனும் அப்படி ஓடமாட்டான். அதற்குப் பிறகுதான் 417-ன் சக்கரத்தடியைச் சரியாகப் பார்த்தேன். தண்டவாளத்துக்கு வெளியே ஒரு கருவிப்பெட்டி திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இரண்டு பூட்ஸ், நுனி மேலே பார்த்தபடி.

"டெல்பர்ட், கீழ ஆளு" என்றேனோ, சொல்ல நினைத்தேனோ, தெரியவில்லை. அவன் ஏற்கெனவே பெட்டியைத் துரத்திக்கொண்டிருந்தான். ஏணிக் கம்பியில் ஒரு கை பட்டது. ஜல்லி சறுக்கி முழங்காலில் விழுந்தான். நானும் ஓடினேன். கூவினேன். அடியில் இருந்தவனுக்கு எப்படிக் கேட்கும்? அவன் இரும்பை அடித்துக்கொண்டிருந்தான். டங், டங் என்று அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பெட்டி முட்டினால் 417 ஒரு கஜமாவது நகரும். ஒரு சாண் நகர்ந்தாலே அவன் இரண்டு துண்டு.

பெட்டிக்கும் டிட்மருக்கும் பாயிண்ட்டை நோக்கிப் போட்டி. பெட்டிதான் முந்தியது. முன்சக்கரங்கள் பாயிண்ட்டைத் தாண்டிக் கார்டு பெட்டி லைனுக்குள் இறங்கிவிட்டன. முடிந்தது என்று நினைத்தேன். டிட்மர் நினைக்கவில்லை. லெவரின்மேல் மொத்த உடம்போடு விழுந்தார். பெட்டியின் முன்சக்கரம் தாண்டி, பின்சக்கரம் வருவதற்கு நடுவே இருந்த அந்த ஒரு நொடியில் லெவரை மறுபக்கம் புரட்டினார்.

ஓடும் பெட்டிக்கு அடியில் பாயிண்ட்டைத் திருப்புவதைவிடப் பெரிய பாவம் யார்டில் கிடையாது. முன்சக்கரம் ஒரு லைனில், பின்சக்கரம் பக்கத்து லைனில். 388 குறுக்கே திரும்பியது. சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கி, கட்டைகளை முறித்துக்கொண்டு, ஜல்லியை உழுதுகொண்டு போயிற்று. காது கிழியும் சத்தம். போய்க்கொண்டே இருந்தது. சாய்ந்தது. நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது 388-ன் மூலைக்கும் அந்த பூட்ஸுக்கும் நடுவில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுதான் இடம் இருந்தது.

அடியிலிருந்து ஃபிட்டர் பாவோல் ஹ்ரின்கோ ஊர்ந்து வெளியே வந்தான். ஸ்லோவாக்கியாக்காரன், முப்பது வயது இருக்கும், எங்கள் யார்டுக்கு மாற்றலாகி நாலு மாதம்தான். 417-ன் பிரேக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று காலையில் டிட்மர்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் தன் சொந்தக் கொடியை ஒழுங்காகக் கட்டிவிட்டுத்தான் அடியில் போயிருக்கிறான். சூப்பு அடுப்பில் இருக்க, டிட்மர் காகிதம் வாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

பாவோல் முதலில் சாய்ந்து கிடக்கும் 388-ஐப் பார்க்கவில்லை. திரும்பித் தன் கொடியைப் பார்த்தான். அது இருந்தது. தொட்டுப் பார்த்தான்.

"கொடி இருக்கே" என்றான். "கண்ணுல படலையா?"

டெல்பர்ட் முழங்காலில் ரத்தம் வழிய நின்றுகொண்டு சொன்னான்: "பட்டுது. நாங்க சூப்புன்னு நெனச்சோம்."

"என்ன சூப்பு?"

அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. டிட்மர் லெவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். லெவர் திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது. அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். குப்பையில் எடுத்த கொடி, தட்டுகள், இரண்டு வருடம், எதையும் மறைக்கவில்லை. பாவோல் கேட்டுக்கொண்டு நின்றான். கேட்டு முடித்ததும் சற்றுத் தள்ளிப் போய் வாந்தி எடுத்தான்.

விசாரணையில் டிட்மர் அந்தப் பொய்க்கொடியை இடது கையால் மேஜைமேல் வைத்தார். "நீலக்கொடின்னா ஒண்ணுமில்லன்னு இவங்களுக்குக் கத்துக்குடுத்தது நான். இவங்கள விட்டுடுங்க" என்றார். மார்ச்சில் மரியாதையோடு ஓய்வு பெற வேண்டிய மனிதரை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கினார்கள். 417-ஐ வேறு கார்டுக்குக் கொடுத்தார்கள். திரையையும் மெத்தையையும் மிச்சக் கோப்பைகளையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்து அவர் ரயில்வே தெருவில் ஓர் அறைக்குக் கொண்டுபோனதை டெல்பர்ட் பார்த்தானாம்.

என்னைக் கேட்டார்கள். "வழக்கமான சூப்புக் கொடின்னு நெனச்சேன், ஐயா" என்றேன். பொய் இல்லை. வழக்கமாக நாங்கள் எத்தமாட்டோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. டெல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிட்மருக்கும் அது தெரியும். இரண்டு வருடமாக நாங்கள் எப்படிச் சேர்த்தோம் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அவரும் சொல்லவில்லை. எனக்குப் புள்ளி போடாமல் அறுபது நாள் சஸ்பென்ஷனோடு போயிற்று. அந்த அறுபது நாளும் என் பெண்டாட்டி, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சே, அப்புறம் ஏன் இப்படி உம்முன்னு இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில், கார்டு பெட்டி லைனுக்கு இன்ஜினைக் கொண்டுபோனேன். ஒரு பெட்டியில் நீலக்கொடி தொங்கியது. அதற்குப் பத்தடி முன்னால், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், எங்களைப் பார்த்தபடி டிட்மர் நின்றுகொண்டிருந்தார். நீளக் கோட்டு, கம்பளித் தொப்பி, ஒரு கை கோட்டுப் பையில். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

இறங்கிப் போனேன். "பெரிசு, லைன விட்டு நகருங்க. நீங்க இப்ப ரயில்வே ஆளு இல்ல. போலீஸ் பாத்தா உள்ள வெச்சுடுவான்."

"பாவோல் கீழ இருக்கான்" என்றார்.

"அதான் கொடி இருக்குதே."

பெட்டிக்கு அடியிலிருந்து பாவோலின் குரல் வந்தது. "அவர் நிக்கட்டும், மாஸ்டர். மொதல்ல ரெண்டு வாரம் நான் ஒரு பெட்டிக்கு அடியிலயும் போகல. போக முடியல. தெனம் காலையில இவர் வந்து இப்படி நின்னாரு. நான் கூப்பிடல. அதுக்கப்புறந்தான் போறேன். கொடிய நம்பி இனிமே என்னால படுக்க முடியாது."

டிரைவருக்குப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். டிட்மருக்குப் பக்கத்தில் தண்டவாளத்துக்கு வெளியே நின்றேன். கீழே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் போயிருக்கும். டிட்மர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், கேரட்டி. கொடி இருந்தா எப்பவும் மெதுவாத்தானே வந்து சேர்ப்ப. அன்னிக்கு ஏன் எத்துன?"

கீழே சுத்தியல் நின்றது.

விசாரணை மேஜையில் யாரும் கேட்காத கேள்வி. பொய் சொல்லலாம். அவசரம், நேரமாகிவிட்டது என்று ஆயிரம் காரணம் யார்டில் கிடைக்கும். டெல்பர்ட் இன்ஜின் படியில் நின்று என்னையே பார்த்தான். அவன் காதில் விழுந்த என் வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் ஒளிக்க?

"உங்க மேல கோவம்" என்றேன். "எழுதிக் குடுத்தீங்கள்ல. நீங்க உள்ள இருப்பீங்கன்னு நெனச்சேன். உங்க சூப்பு திரும்பக் கொட்டட்டும்னுதான் எத்துனேன்."

டிட்மர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு முன்பே தெரிந்த விஷயந்தான்.

பாவோல் வெளியே வந்தான். நிதானமாக எழுந்து, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டி, கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினான். கொடியை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். நான் அவனுக்கு மூன்றடி தள்ளி நின்றேன். நான் அங்கே இல்லாததுபோல் என்னைத் தாண்டி டிட்மரிடம் போய் நின்றான்.

"நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடுங்க, மிஸ்டர் டிட்மர்" என்றான். "மாஸ்டருக்கு இந்த வாரம் முழுக்கக் காலை ஷிஃப்ட்டு."